விலையக்கா கேட்ட விலை

விலையக்காவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. மதியச் சாப்பாட்டை ஜன்னலோரம் நின்றபடிதான் சாப்பிடுவார். தொலைபேசி வந்தால் ஒயர் இழுபடும் தூரம் வரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடப்பார். அலுவலகத்தின் ஆண்டுப் புகைப்படத்தில் எங்கள் எல்லோர் முகமும் பளிச்சென்று இருக்கும், அவர் தலை மட்டும் கலங்கிப் போயிருக்கும். படம் எடுப்பவர் விரலை அழுத்துவதற்குள் பாதி எழுந்திருப்பார். "எங்கம்மா என் கால்ல சக்கரத்தைக் கட்டிவிட்டுட்டா" என்று அவரே சொல்லிக்கொள்வார். பெற்றவள் கட்டினாளோ இல்லையோ, பக்கத்து மேசையில் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் தலைசுற்றல்.

அந்தக் கால்களுக்கு ஏற்ற வேலை வாய்த்திருந்தது. எங்கள் புள்ளிவிவர அலுவலகத்தில் அவர் விலை சேகரிப்பவர். முந்நூற்றுப் பன்னிரண்டு பொருள்கள் கொண்ட ஒரு பட்டியல். மாதம் இரண்டு முறை, அதே கடை, அதே பொருள், அதே அளவு. தக்காளி ஒரு கிலோ, நடுத்தரம், அடிபடாதது. ஆண் சட்டை, வெள்ளை, முழுப் பருத்தி, அரைக்கை. பெரியவருக்கு முடிவெட்டு, சவரம் சேர்க்காமல். தோள்பையில் நீல அட்டை போட்ட நோட்டு, கொக்கித் தராசு, குடை. வியாபாரி ஒரு கிலோ என்று சொன்னால் நம்பமாட்டார், தம் தராசில் தொங்கவிட்டுப் பார்த்த பிறகுதான் எழுதுவார். நான்கு மாதத்துக்கு ஒரு முறை செருப்புக்கு அடி மாற்றுவார். அதற்கு என்ன கூலி என்பதும் பட்டியலில் இருந்ததால், செருப்புத் தைப்பவரிடம் ஒரே போக்கில் இரண்டு வேலையும் முடிந்துவிடும்.

நான் அவருக்கு நேர்மாறு. நாற்காலி கிடைத்தால் போதும். என் வேலை ஏற்றுமதிக் கணக்கு. துறைமுகத்திலிருந்து வரும் காகிதங்களைக் கூட்டி, நாட்டிலிருந்து எவ்வளவு சரக்கு வெளியே போனது என்று சொல்ல வேண்டும். எங்கள் நாடு சின்னது. உலக வரைபடத்தில் அதன் மேல் பெயர் எழுத இடம் போதாமல் கடலில் எழுதி ஒரு கோடு இழுத்திருப்பார்கள். அதனால் மொத்தத் தொகையைச் சொன்னால் யாரும் மதிக்கமாட்டார்கள். தலைக்கு எவ்வளவு என்று வகுத்துச் சொன்னால்தான் கொஞ்சம் மானம் மிஞ்சும்.

வகுத்தாலும் கதை முடிவதில்லை. டாலரில் வந்த தொகையை எங்கள் ஊர் விலைவாசிக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். பெரிய நாட்டில் ஒரு டாலருக்கு அரைத் தலைதான் முடிவெட்டுவார்கள், இங்கே இரண்டு தலை வெட்டுவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் எங்கள் ஒரு டாலர் அவர்களுடைய நான்கு டாலருக்குச் சமம். கப்பலேறும் சரக்குக்கும் முடிவெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். நானும் கேட்டேன். முறை வகுத்தவர்கள் வகுத்துவிட்டார்கள், பெருக்குகிறவன் பெருக்க வேண்டியதுதான். இதற்கு வாங்குதிறன் திருத்தம் என்று பெயர். இங்கே விலை மலிவாக மலிவாக, எங்கள் ஏற்றுமதி காகிதத்தில் வீங்கும். மலிவா இல்லையா என்பதை விலையக்காவின் நோட்டு சொல்லும்.

அந்த நோட்டில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. பெருமைக்குக் காரணம் பேரம். ஒரு நாள் என்னைச் சந்தைக்கு இழுத்துப்போய், தக்காளிக் கடையைச் சுற்றி நின்ற கூட்டத்தில் நிறுத்திவிட்டு முன்னால் போனார்.

"இருவதுக்கா" என்றார் தக்காளிக்காரர்.

"இருவதா? எனக்கே காது குத்துறியா? இதுல பாதி லாரியிலயே நசுங்கி வந்திருக்கு."

"எங்க நசுங்கியிருக்கு, காட்டுங்க பாப்போம்."

"நான் காட்டினா சுத்தி நிக்கிறவங்களும் பாப்பாங்க. பரவாயில்லையா?"

"பதினெட்டு போட்டுக்குங்க. உங்களுக்காக."

"எனக்காகன்னா பன்னெண்டு. தக்காளிக்காகன்னா பதிமூணு."

இப்படியே போய், நாலு அடி நடந்துவிட்டுத் திரும்பி, கடைசியில் பதினாலுக்கு முடியும். நோட்டில் பதினாலு ஏறும். முந்நூற்றுப் பன்னிரண்டில் பேரம் பேசக்கூடியவை அறுபதுக்கு மேல் இருந்தன. காய், பழம், மீன், துணி, பாத்திரம், துடைப்பம் எல்லாவற்றுக்கும் இதே கூத்துதான். சட்டப்படி என்ன எழுத வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். "பேரம் பேசும் இடங்களில், சாதாரண வாடிக்கையாளர் கொடுக்கும் விலையை எழுதுக." தம்மைவிடச் சாதாரணமானவர் யார் இருக்க முடியும் என்று பதினெட்டு வருடம் நம்பியிருந்தார்.

அந்த வருடம் என் கணக்கு ஆயிரத்தைத் தாண்டியது. தலைக்கு ஆயிரத்துப் பதினாலு டாலர், திருத்தத்துக்குப் பின். இயக்குநர் தம் கைக்காசில் எல்லோருக்கும் தேநீர் வாங்கிக்கொடுத்தார். பத்திரிகையில் கட்டம் கட்டிப் போட்டார்கள். அமைச்சர் ஒரு கூட்டத்தில் அந்த எண்ணை மூன்று முறை சொன்னார், மூன்றாவது முறை தவறாக. விலையக்கா தேநீர்க் கோப்பையோடு என் மேசையைச் சுற்றிச்சுற்றி வந்தார். "இதுல என் காலும் இருக்குடா தம்பி" என்றார். இருந்தது, வாஸ்தவம்தான்.

மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் சரக்கை வாங்கும் பெரிய நாடுகள் இதுவரை வரியில்லாமல் உள்ளே விட்டுவந்தன. ஏழை நாடு, சின்ன நாடு என்ற சலுகை. அந்தச் சலுகைக்கு ஒரு கோடு உண்டு, அந்தக் கோடு ஆயிரம். தாண்டிவிட்டீர்கள், வாழ்த்துகள், அடுத்த ஆண்டு முதல் வரி உண்டு என்று எழுதியிருந்தார்கள். வாழ்த்துகள் என்ற சொல்லை இயக்குநர் இரண்டு முறை படித்தார். தேநீர் வாங்கிய காசு அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

எங்கள் நாட்டிலிருந்து போகும் சரக்கில் பெரும்பங்கு ரப்பர் கையுறை. மருத்துவமனைகளுக்குப் போவது. வரி விழுந்தால் கட்டுப்படியாகாது, தொழிற்சாலையைக் கடல் தாண்டி வேறு நாட்டுக்கு மாற்றிக்கொள்வோம் என்று கையுறைக் கம்பெனி நோட்டீஸ் ஒட்டிவிட்டது. விலையக்காவின் தங்கை அங்கேதான் வேலை பார்த்தார். கணவர் இறந்தபின் அக்காவோடு வந்து சேர்ந்தவர். ஒவ்வொரு கையுறையிலும் தண்ணீர் நிரப்பி, கொக்கியில் தொங்கவிட்டு, எங்காவது ஒரு சொட்டுக் கசிகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. எட்டு மணி நேரம் ஒரே முக்காலி. அக்கா நாள் முழுக்க நடப்பார், தங்கை நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், இரண்டு சம்பளமும் சேர்ந்தால்தான் அச்சகத்துக்கு மேல் அவர்கள் குடியிருந்த இரண்டு அறைக்கு வாடகை கட்ட முடியும். தங்கைக்கு வயது நாற்பத்தாறு. கண்ணும் கொஞ்சம் மங்கத் தொடங்கியிருந்தது. அந்த வேலை போனால் இன்னொன்று கிடைக்காது என்பது மூன்று பேருக்கும் தெரியும், எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

விலையக்கா அந்த மாதம் நிலைகொள்ளாமல் திரிந்தார். வழக்கமாகவே அப்படித்தான் என்றாலும் இது வேறு மாதிரி. சாலையைக் கடக்கும்போது பக்கம் பார்க்கவில்லை. கடைசியில் மீன் சந்தையின் ஈரப்படியில் வழுக்கி விழுந்து கணுக்காலைப் பிசகிக்கொண்டார். மருத்துவர் இரண்டு வாரம் படுக்கச் சொன்னார். அதைக் கேட்டதும் அவர் அழுதார் என்று தங்கை என்னிடம் சொன்னார், வலிக்காக இல்லையாம்.

பட்டியலுக்கு ஆள் வேண்டும். இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

ஒரு விடுமுறை நாளில், வீட்டுச் செருப்போடு, பட்டியலைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு போனேன். அலுவலகம் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளை துடைப்பத்தின் விலையை நோட்டில் எழுதுவதைத் தெரிந்தவர்கள் பார்த்தால் என்ன ஆவது? விலை கேட்டேன், என்னால் ஆனமட்டும் பேசினேன், வாங்கினேன். பேருந்து நிறுத்தத்தின் பின்னால் நின்று எழுதிக்கொண்டேன். மாலை அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு விலையக்கா வீட்டுக்குப் போனேன். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். கட்டுப்போட்ட கால் தலையணை மேல் அசையாமல் கிடந்தது, மற்றக் கால் போர்வைக்குள் ஆடிக்கொண்டே இருந்தது.

"தக்காளி பதினெட்டா?" என்றார் காகிதத்தைப் பார்த்து. "உன் தலையில நல்லா கட்டிட்டான் போ."

"நான் பேசினேன்கா. இருவதுலேருந்து ரெண்டு குறைச்சேன்."

"பெரிய சாதனை. மீன் என்ன இது? பாத்திரம்? அட பச்சைப்பிள்ளையே, இந்தத் துடைப்பத்துக்கா இவ்வளவு குடுத்தே?"

தங்கை சமையல் செய்துகொண்டே அதைக் கேட்டுச் சிரித்தார். "நானும் தக்காளி பதினெட்டுக்குத்தான் வாங்குவேன்கா. கம்பெனி விட்டு வர்ற வழியில இருக்கிற கடையில. எங்க கம்பெனியில எல்லாரும் அப்படித்தான் வாங்குறாங்க. உங்க விலைக்கு இந்த ஊர்ல யாருக்குக் கிடைக்குது?"

விலையக்கா பதில் சொல்ல வாயெடுத்தார். என்னைப் பார்த்தார், நானும் அவரைப் பார்த்தேன். போர்வைக்குள் ஆடிக்கொண்டிருந்த கால் நின்றுவிட்டது. அறுபது பொருள். ஒவ்வொன்றும் யாருக்கும் கிடைக்காத விலையில். பதினெட்டு வருடம்.

"தம்பி, விலை ஜாஸ்தியா இருந்தா உன் கணக்கு என்ன ஆகும்?"

"குறையும்கா."

"எவ்வளவு?"

அங்கேயே, பால் கவரின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். பேரப் பொருள்களின் விலையைச் சரிசெய்தால் மொத்த விலைவாசி நூற்றுக்கு நாலு ஏறும். ஆயிரத்துப் பதினாலு தொள்ளாயிரத்து எழுபத்தைந்தாகும். கோட்டுக்குக் கீழே. தங்கை கரண்டியை வைத்துவிட்டு எங்கள் பக்கம் வந்து நின்றார். மூன்று பேரும் அந்தக் கவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் கால் ஊன்ற முடிந்த முதல் நாளே இயக்குநர் அறைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"சார், என் வாயாலதான் நாடு மலிவாப் போச்சு" என்று ஆரம்பித்தார்.

இயக்குநர் முழுவதும் கேட்டார். பேனா மூடியைத் திறந்து மூடி, திறந்து மூடி, கடைசியில் கேட்டார்: "உங்க தங்கச்சி எங்க வேலை பாக்கறாங்க?"

"கையுறைக் கம்பெனியில."

"அதைத்தான் சொல்றேன். நாளைக்கு இது வெளியில வந்தா என்ன பேசுவாங்க? தங்கச்சி வேலைக்காக அக்கா விலையை மாத்திட்டான்னு பேசுவாங்க. பதினெட்டு வருஷமா இல்லாத தப்பு இப்ப எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க."

"பேசட்டும் சார். தங்கச்சி அங்க இல்லேன்னா இதை வந்து சொல்லியிருப்பேனான்னு நானே என்னைக் கேட்டுப் பாத்தேன். தெரியலே. அதையும் சேத்தே எழுதிக்குங்க."

எனக்குத் தெரிந்து அந்த அறையில் அவ்வளவு நேரான பேச்சு அதற்கு முன்னும் பின்னும் யாரும் பேசியதில்லை. இயக்குநர் அதையும் சேர்த்தே கடிதம் எழுதினார். பெரிய நாடுகள் நம்பவில்லை, நம்பாததில் தப்பும் இல்லை. சரிபார்க்க ஓர் ஆளை அனுப்பின. அகலத் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலுமாக ஒரு அம்மா வந்து இறங்கினார். அவருக்கு எங்கள் மொழி தெரியாது, எனக்கு அவருடைய மொழி கொஞ்சம் தெரியும். அதனால் மொழிபெயர்ப்பும் என் தலையில் விழுந்தது.

அவர் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. "பேரம்தான் காரணம் என்கிறீர்கள். என்னோடு வாருங்கள், அதே கடைகளுக்குப் போவோம். பேரம் பேசாமல் வாங்கிக் காட்டுங்கள்."

விலையக்கா தலையாட்டினார். முந்தின நாள் முழுக்க வாயை மூடிப் பழகினார். நான் சொல்வதற்கெல்லாம் எதிர்ப்பேச்சு பேசாமல் இருந்து பார்த்தார், மூன்று நிமிடம் தாங்கவில்லை. ஆனாலும் சந்தையில் தாங்கினார். நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, தக்காளிக்காரர் முன்னால் கல்லாக நின்றார். என் முகம் கடைக்காரர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று நான் வாங்க வந்தவனைப்போலக் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

"வாங்கக்கா, கால் சரியாப் போச்சா?" என்றார் தக்காளிக்காரர். பக்கத்தில் தொப்பியைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். "தக்காளி பதினாலு."

விலையக்கா ஒன்றும் பேசவில்லை. முகம் வெளிறியது.

"என்னக்கா, ஒண்ணும் பேசமாட்டேங்கறீங்க? ஜாஸ்தியா? சரி, பதிமூணரை. அதுக்கு மேல கேக்காதீங்க."

மீன்காரரும் அப்படியே. பாத்திரக் கடைக்காரர் ஒரு படி மேலே போய், யாரும் கேட்காமலே விலையைக் குறைத்துவிட்டு, தொப்பி அம்மாவுக்கு நாற்காலியும் போட்டார். விலையக்கா பேசப் பேசக் குறைந்த விலை, அவர் பேசாமல் இருக்க இன்னும் குறைந்தது. தொப்பி அம்மா தம் காகிதத்தில் குறித்துக்கொண்டே வந்தார். கடைசியில் என்னிடம் சொன்னார், "இவர் பேரமே பேசவில்லை. நோட்டில் இருக்கும் விலை சரியாகத்தான் இருக்கிறது." நான் மொழிபெயர்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே விலையக்கா புரிந்துகொண்டார்.

அலுவலகத்துக்குத் திரும்பும் வழியில் எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். பிசகிய கால் இன்னும் முழுதாக ஆறவில்லை, நொண்டிக்கொண்டேதான் அந்த வேகம். வாசற்படியில் திரும்பி நின்றார்.

"என்னைப் பாத்தாலே எறங்கிடறாங்க தம்பி. பதினெட்டு வருஷம் பேசின வாய், பேசலேன்னாலும் காதுல கேக்குது அவங்களுக்கு." சொல்லும்போது கண்ணில் பயமும் இருந்தது, பெருமையும் இருந்தது. "நானே போய் நின்னா சரியான விலை கிடைக்காது. அந்தம்மாகிட்ட சொல்லு. நான் போகலே. நீ போ, அன்னிக்குப் போன மாதிரியே போ."

மறுநாள் நான் வீட்டுச் செருப்போடு போனேன், என்னை யாரென்று தெரியாத இன்னும் மூன்று சந்தைகளுக்கும் போனேன். தொப்பி அம்மா தூரத்தில் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து பார்த்தார். எல்லா இடத்திலும் தக்காளி பதினேழுக்குக் குறையவில்லை. அவர் தனியாகவும் ஒரு தடவை போய்க் கேட்டார், முப்பத்தைந்து சொன்னார்களாம். அதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. அறிக்கையில் ஒரு வரி எழுதினார்: 'சேகரிப்பாளரின் அசாதாரணமான பேரத் திறனால் சந்தை விலைகள் குறைத்துப் பதிவாகியுள்ளன. சேகரிப்பாளரை மாற்ற வேண்டும்.' விலையக்காவுக்கு நான் அதைப் படித்துக் காட்டினேன். அசாதாரணமான என்ற சொல் வந்தபோது இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

எண் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தாகத் திருத்தப்பட்டது. பத்திரிகை அதைக் கட்டம் கட்டாமல் உள்பக்கத்தில் போட்டது. சலுகை தொடர்ந்தது. கம்பெனி நோட்டீஸைக் கிழித்தது. தங்கை தம் முக்காலியிலேயே மறுபடி உட்கார்ந்து தண்ணீர் நிரப்பினார். விலையக்காவை ஆவண அறைக்கு மாற்றினார்கள். ஓய்வுபெற நாலு வருடம் இருந்தது. பட்டியலும் நோட்டும் என்னிடம் வந்தன. தருகையில், "தராசை மாசம் ஒரு தடவை துடைச்சு வை" என்று மட்டும் சொன்னார். கொக்கியைத் தாமே ஒரு தடவை துடைத்தும் கொடுத்தார்.

ஆவண அறை நீளத்தில் பதினோரு அடி. அதை அவர் அளந்தே சொன்னார். முதல் மாதத்திலேயே நாற்பது வருடக் கோப்புகளை ஆண்டு வாரியாக அடுக்கினார். இரண்டாம் மாதம் பொருள் வாரியாக மாற்றினார். தூசியில் அலுவலகமே இருமியது. இயக்குநர், "போதும்மா, உக்காருங்க" என்றார். "உக்காந்துதான் சார் இருக்கேன்" என்று நின்றுகொண்டே பதில் சொன்னார்.

நான் நடந்தேன். முதலில் திட்டிக்கொண்டே நடந்தேன். பிறகு, ஏன் மறைக்க வேண்டும், பிடித்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து பெருக்கிய எண்களுக்கெல்லாம் வாசனை உண்டு என்று தெரிந்தது. மழை பெய்த மறுநாள் கீரை விலை ஏறுவதை முன்கூட்டியே சொல்லும் அளவுக்குத் தேறினேன். என் வீட்டில், "என்ன, சும்மா உக்காரமாட்டேங்கறீங்க?" என்று மனைவி கேட்க ஆரம்பித்தாள். முதல் மாதம் பேருந்து நிறுத்தத்தின் பின்னால் மறைந்து எழுதியவன், இரண்டாம் மாதம் சோம்பலில் கடை முன்னாலேயே நோட்டைத் திறந்தேன். "நீங்க அக்கா ஆபீஸா?" என்று தக்காளிக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். மூன்றாம் மாதம் பேரம் எனக்கும் கைவந்தது. பதினெட்டு பதினாறானது. ஐந்தாம் மாதம் ஒரு திங்கட்கிழமை, நாலு அடி நடந்து திரும்பும் வித்தையையும் செய்து பார்த்து, பதினாலுக்கு முடித்தேன். சீட்டியடித்துக்கொண்டு அலுவலகம் வந்தேன். இந்த வெற்றியை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்ல நேராக ஆவண அறைக்குப் போனேன்.

விலையக்கா உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு, நாற்காலியில், அசையாமல்.

"என்னக்கா? உடம்புக்கு என்ன?"

"நேத்து சந்தைக்குப் போனேன்டா. வேலை மாறினதுக்கப்புறம் முதல் தடவை. வீட்டுக்கு வாங்கத்தான். தக்காளி பதினெட்டுன்னான்."

"நீங்க பேசலையா?"

"பேசலையாவா? அரை மணி நேரம் நின்னேன். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொல்லிப் பாத்தேன். நாலு அடி நடந்து போனேன். கூப்பிடலே. நானே திரும்பிப் போய், ஏண்டா இப்படின்னு கேட்டேன். சிரிக்கறான். 'அக்கா, அப்போ நீங்க எழுதுவீங்க. விலையை ஜாஸ்தியா எழுதினா அதைப் பாத்து நகராட்சி கடை வாடகையை ஏத்திடும்னு எங்க சங்கத்துல பேசி வெச்சிருந்தோம். எழுதறவங்களுக்குன்னு ஒரு விலை. இப்ப நீங்க எங்க ஆளு, வாங்கறவங்க. தப்பா எடுத்துக்காதீங்க'ங்கறான்."

நான் தோள்பையை இன்னொரு தோளுக்கு மாற்றினேன்.

"அப்ப நான் பேசினதெல்லாம் என்னடான்னு கேட்டேன். 'அது கேக்க நல்லா இருக்கும்கா, அதுக்காகத்தான் இருவதுலேருந்து ஆரம்பிப்போம்'னான்." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் நிறைந்திருந்தது. "பதினெட்டு வருஷம்டா தம்பி. ஒரு நாள்கூட நான் ஜெயிக்கலையா?"

பக்கத்தில் இருந்த கோப்பைத் தூக்கி, அதே இடத்தில் மறுபடி வைத்தேன். என் முகத்தை அவர் கூர்ந்து பார்க்கிறார் என்று தெரிந்தது. அவருக்கு என் சீட்டிச் சத்தம் வாசலிலிருந்தே கேட்டிருக்க வேண்டும்.

"இன்னிக்கு உனக்கு என்ன விலைக்குக் குடுத்தான்?"

நான் மேசையில் கிடந்த தூசியைத் துடைத்தேன்.

"கேக்கறேன்ல?"

"பதினாலு."

"போன மாசம்?"

"பதினாறு. அதுக்கு முந்தி பதினெட்டு. நான் பேசித்தான்கா குறைச்சேன்..." என்று தொடங்கியவன் நடுவிலேயே நிறுத்திவிட்டேன். அதை நான் யாரிடம் சொல்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

விலையக்கா எழுந்துவிட்டார். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். பதினோரு அடியை ஒரு தடவை போய் வந்தார். "அப்ப இந்த வருஷக் கணக்கு மறுபடி ஆயிரத்தைத் தாண்டும். நோட்டீஸ் மறுபடி ஒட்டுவாங்க. தங்கச்சிக்குப் போன தடவையே மூணு வாரம் தூக்கமில்லே." கையை நீட்டினார். "நோட்டைக் குடு. இயக்குநர்கிட்ட நான் பேசறேன். மூணு மாசத்துக்கு ஒரு ஆளை மாத்தணும், எந்த ஆபீஸ்னு யாருக்கும் தெரியக்கூடாது. உன்னை அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுடா. உன் வேலை முடிஞ்சுது."

அவர் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் சரி. கணக்குப் போடுகிறவன் நான், எனக்குத் தெரியாதா? தோள்பையைக் கழற்றினேன், தராசை மேசைமேல் வைத்தேன், நோட்டை எடுத்தேன். நாளை மறுநாள் மீன் சந்தை நாள். அடுத்த வாரம் துணிக்கடை. அவர் நீட்டிய கை அப்படியே காத்திருந்தது. நோட்டை அவரிடம் நீட்டினேன், ஆனால் விரல்கள் விடவில்லை. அவர்தான் பிடுங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.